விண்டோஸ், மேக், லினக்ஸ்: ஓர் ஆடிட்டர் அலுவலகத்தின் கணக்கு

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14 அன்று நின்றுவிடும் என்பது நெடுநாளைக்கு முன்பே அறிவிக்கப்பட்ட செய்தி. இருந்தாலும், ஈரோட்டில் நான் பகுதிநேரமாகக் கணினிகளைப் பராமரித்துவரும் ஆடிட்டர் அலுவலகத்தில் அதைப் பற்றிய பேச்சு அந்த ஆண்டின் கோடையில்தான் எழுந்தது. அங்கிருந்த கணினிகளில் பாதிக்கும் மேற்பட்டவை விண்டோஸ் 11-ஐ ஏற்காதவை. எல்லாவற்றையும் தூக்கிவிட்டுப் புதிதாக வாங்கினால் எவ்வளவு ஆகும், வாங்குவதுதான் வாங்குகிறோம் மேக் வாங்கினால் வைரஸ் தொல்லை ஒழியுமா, லினக்ஸ் இலவசம் என்கிறார்களே அதைப் போட்டால் செலவே இல்லையா என்று ஆடிட்டர் என்னிடம் கேட்டார். ஒரு வாரத்தில் ஒரு தாளில் எழுதித் தருவதாகச் சொன்னேன். அந்தத் தாளைத் தயாரிக்கும்போதும், பிறகு அதன்படி கணினிகளை மாற்றும்போதும் தெரிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் வழக்கம்போல விலை, பாதுகாப்பு என்று இரண்டு பத்திகளாகத்தான் தாளைப் பிரித்தேன். பாதி எழுதும்போதே இரண்டும் ஒரே கணக்கு என்பது புரிந்தது. ஒரு கணினியின் விலையை, அது பாதுகாப்புப் புதுப்பிப்பு பெறப்போகும் ஆண்டுகளால் வகுத்தால் வருவதுதான் அதன் உண்மையான செலவு. புதுப்பிப்பு நின்ற பிறகும் கணினி ஓடும், திரை ஒளிரும், கணக்கு எழுதலாம். ஆனால் வாடிக்கையாளர்களின் பான் எண், வங்கி அறிக்கை, இணையதளக் கடவுச்சொற்கள் எல்லாம் குடியிருக்கும் ஓர் அலுவலகத்தில் அந்த ஆண்டுகளை ஆயுளில் சேர்க்கக் கூடாது.

அலுவலகத்தில் இருந்த இரண்டு மேசைக் கணினிகளே இதற்கு நல்ல சான்று. இரண்டும் 2018-இல் சில மாத இடைவெளியில் வாங்கப்பட்டவை. ஒன்று 34,000 ரூபாய்; இன்டெல்லின் 7-ஆம் தலைமுறைச் செயலி கொண்டது. கடையில் மீந்திருந்த சரக்கு என்பதால் சற்று மலிவாகக் கிடைத்தது. மற்றது 36,000 ரூபாய். 8-ஆம் தலைமுறைச் செயலி. அன்றாட வேலையில் இரண்டுக்கும் வேறுபாடு காண முடியாது. ஆனால் 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தபோது, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும், சில விதிவிலக்குகள் நீங்கலாக 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய இன்டெல் செயலியையும் மைக்ரோசாஃப்ட் கட்டாயமாக்கியது. மலிவாக வந்த கணினியின் பாதுகாப்பான ஆயுள் சுமார் ஏழரை ஆண்டுகளில் முடிந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 4,500 ரூபாய். மற்றது விண்டோஸ் 11-க்கு மாறி இன்னும் உழைக்கிறது. பத்து ஆண்டு தாக்குப்பிடித்தால் ஆண்டுக்கு 3,600 ரூபாய்தான் ஆகும். வாங்கும் நாளில் மிச்சமான இரண்டாயிரம் ரூபாய் எங்கே போனது என்பதை வகுத்துப் பார்த்தால்தான் தெரிகிறது.

இந்தக் கதை விண்டோஸுக்கு மட்டும் உரியதன்று. ஆப்பிள் நிறுவனம் 2020-இன் தொடக்கத்தில் இன்டெல் செயலியுடன் ஒரு மேக்புக் ஏர் வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தன் சொந்த எம்1 சில்லுடன் இன்னொரு மேக்புக் ஏர் வெளியிட்டது. ஒரே பெயர், ஒரே ஆண்டு, கிட்டத்தட்ட ஒரே தோற்றம். 2025-இல் வந்த ஆப்பிளின் இயங்குதளமான மேக்ஓஎஸ் 26, முதலாவதை ஏற்கவில்லை, இரண்டாவதை ஏற்றது. இன்டெல் செயலி கொண்ட மேக்குகளுக்கு இதுவே கடைசிப் பதிப்பு என்றும் ஆப்பிள் சொல்லிவிட்டது. லினக்ஸ் உலகத்திலும் திருப்பம் உண்டு, ஆனால் மெதுவாக வரும்: லினக்ஸின் வகைகளில் ஒன்றான உபுண்டு, பழைய செயலிகளுக்கான 32-பிட் மேசைக் கணினிப் பதிப்பை 2017-இல் நிறுத்தியது, இன்னொன்றான லினக்ஸ் மின்ட் 2020-இல் நிறுத்தியது, அதற்குள் அந்தக் கணினிகள் பெரும்பாலும் காயலான் கடைக்குப் போயிருந்தன. ஆகவே ஒரு தளம் தன் வன்பொருளை மாற்றப்போகிறது என்ற செய்தி வந்துவிட்டால், திருப்பத்துக்கு முந்தைய சரக்கை எவ்வளவு தள்ளுபடியில் கொடுத்தாலும் வாங்காதிருப்பதே நல்லது. தள்ளுபடி ஏன் கிடைக்கிறது என்பது விற்பவருக்குத் தெரியும்.

விண்டோஸ் 10 ஓய்வுபெற்றதில் ஒரு நன்மையும் விளைந்தது. ஓர் ஆண்டுப் பாதுகாப்புக்கு எவ்வளவு விலை என்பதை மைக்ரோசாஃப்ட்டே வாய்திறந்து சொன்னது. வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் வரையிலான கூடுதல் புதுப்பிப்புகள் 30 டாலர். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அமைப்புகளைக் காப்புநகல் எடுக்க ஒப்புக்கொண்டால் காசில்லாமலும் கிடைக்கும். நிறுவனங்களுக்கு முதல் ஆண்டுக்கு ஒரு கணினிக்கு 61 டாலர், அடுத்த ஆண்டு அதன் இருமடங்கு, மூன்றாம் ஆண்டு அதற்கும் இருமடங்கு. மூன்றையும் கூட்டினால் 427 டாலர். வீட்டுத் திட்டம் வணிகப் பயன்பாட்டுக்கானதன்று என்பதால் அலுவலகம் இரண்டாவது வரிசையில்தான் நிற்க வேண்டும். விற்கப் போனால் எட்டாயிரம் ரூபாய்கூடத் தேறாத கணினிக்கு மூன்று ஆண்டில் அதன் மதிப்பைப் போலப் பல மடங்கு காப்புத்தொகை கட்டுவது நியாயமில்லை. முதல் ஓராண்டு மட்டும், அதுவும் உடனே மாற்ற முடியாத ஒரு கணினிக்கு மட்டும் கட்டலாம் என்று தாளில் எழுதினேன்.

இனி, எந்த விலைப்பட்டியலிலும் இடம்பெறாத நான்காவது தளம் ஒன்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்: உரிமம் இல்லாத விண்டோஸ். நம் ஊர்களில் அசெம்பிள் செய்து வாங்கும் கணினிகளில் மிகப் பல இதைத்தான் ஓட்டுகின்றன. பில்லில் இயங்குதளத்துக்குத் தொகை இருக்காது. "ஓஎஸ் போட்டுக் கொடுத்திருக்கு சார்" என்ற ஒரு வாக்கியம் மட்டும் இருக்கும். முறையான உரிமத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் அளவில் ஆகும் என்பதால் வாங்குபவரும் கேட்பதில்லை. இதை அறநெறிப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பவர்கள் உண்டு. நான் பாதுகாப்புப் பிரச்சினையாகவே பார்க்கிறேன். விண்டோஸை உரிமம் பெற்றதுபோல் காட்டும் கிராக் கருவி, அது வேலை செய்வதற்கு முன்பு பெரும்பாலும் ஆன்ட்டிவைரஸை அணைக்கச் சொல்லும். கணினியின் மிக உயர்ந்த அதிகாரத்தோடு, யார் எழுதினார் என்றே தெரியாத ஒரு நிரலை, காவலை நிறுத்திவிட்டு ஓட்டுகிறோம். அதன் பிறகு அந்தக் கணினியில் எத்தனை பூட்டு போட்டாலும் பொருளில்லை.

ஊழியர்கள் வீட்டிலிருந்து எடுத்துவந்த சில மடிக்கணினிகளைத் திறந்து பார்த்தபோது ஒரே மாதிரியான தடயங்கள் தென்பட்டன. விண்டோஸோடு வரும் ஆன்ட்டிவைரஸான டிஃபெண்டரின் விலக்குப் பட்டியலில் சி டிரைவ் முழுவதும் சேர்க்கப்பட்டிருக்கும். அதாவது ஆன்ட்டிவைரஸ் ஓடும், ஆனால் எதையும் பார்க்காது. புதுப்பிப்புச் சேவை முடக்கப்பட்டிருக்கும், இல்லாவிட்டால் புதுப்பிப்பு வந்து கிராக்கைக் கெடுத்துவிடும் என்ற அச்சம். இந்த மூன்றையும் உங்கள் கணினியில் இன்றே சரிபார்க்கலாம்: அமைப்புகளில் உரிமம் டிஜிட்டல் உரிமமாகக் காட்டப்படுகிறதா, டிஃபெண்டரின் விலக்குப் பட்டியல் காலியாக இருக்கிறதா, கடைசிப் புதுப்பிப்பின் தேதி இந்த மாதத்தினுடையதா.

எனக்குத் தெரிந்த ஓர் அச்சகத்துக்கு இப்படிப்பட்ட கணினியால்தான் பெருநட்டம் வந்தது. ஒரு வடிவமைப்பு மென்பொருளின் கிராக்கைப் பதிவிறக்கிய அன்று மாலையே கோப்புகளின் பெயர்களுக்குப் பின்னால் புதிய வால் ஒன்று முளைத்தது. ஒவ்வொரு கோப்புறையிலும் பணம் கேட்கும் குறிப்பு. அது ஸ்டாப் என்னும் பணயக் கோப்பு நிரலின் வகை. பெரிய நிறுவனங்களைக் குறிவைக்காமல், கிராக் தேடும் வீட்டுப் பயனர்களையும் சிறு கடைக்காரர்களையும் குறிவைத்தே அது பரவியது. எம்சிசாஃப்ட் என்னும் ஆன்ட்டிவைரஸ் நிறுவனம் 2019 அக்டோபரில் அதற்கு ஓர் இலவச மீட்புக் கருவியை வெளியிட்டது. ஆனால் தாக்கியவரின் சேவையகத்திலிருந்து ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனிச் சாவி வாங்கிப் பூட்டிய பிந்தைய வகைகளுக்கு அந்தக் கருவி பயன்படாது. அச்சகத்தின் கோப்புகள் அந்த இரண்டாவது இனம். பல ஆண்டுகளின் அழைப்பிதழ் வடிவங்களும் வாடிக்கையாளர் படங்களும் போயின. காப்புநகல் எடுத்த வெளி ஹார்டு டிஸ்க் இருந்தது. ஆனால் அதுவும் கணினியிலேயே செருகியிருந்ததால் அதுவும் பூட்டப்பட்டது. உரிமத்துக்கு மிச்சம்பிடித்த தொகையை நான் அங்கே நினைவூட்டவில்லை.

முறையான விண்டோஸ் வைத்திருந்தால் போதுமா என்றால், அதுவும் புதுப்பித்தால்தான். வன்னாக்ரை என்னும் பணயக் கோப்பு நிரல் 2017 மே 12 அன்று பரவத் தொடங்கி 150-க்கும் மேற்பட்ட நாடுகளைத் தாக்கியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளே நிலைகுலைந்தன. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. பாதிக்கப்பட்ட கணினிகளில் பெரும்பான்மை விண்டோஸ் 7. அப்போது அது புதுப்பிப்பு பெற்றுக்கொண்டிருந்த தளம். மருந்து வந்து இரண்டு மாதமாகியும் அதைப் போட்டுக்கொள்ளாதவர்களையே நோய் பிடித்தது. வேலை நேரத்தில் கணினி மறுதொடக்கம் ஆகிறது என்று எரிச்சலடைந்து புதுப்பிப்பை நிறுத்திவைப்பவர்கள், அதன் நேரத்தை மதிய உணவு வேளைக்கோ இரவுக்கோ மாற்றிக்கொள்ளலாம், நிறுத்திவிடக் கூடாது.

ஆன்ட்டிவைரஸ் சந்தா பற்றியும் ஒரு வார்த்தை. விண்டோஸ் 8 காலத்திலிருந்து டிஃபெண்டர் இயங்குதளத்துடனேயே வருகிறது. சிறு அலுவலகத்துக்கு அது போதும் என்பது என் தீர்ப்பு. ஆண்டுதோறும் கட்டிவந்த சந்தாவை நிறுத்தி, அந்தப் பணத்தில் காப்புநகலுக்கு இரண்டு வெளி ஹார்டு டிஸ்க் வாங்கினோம். காவல் மென்பொருளும் கணினியின் ஆழத்தில் உட்காரும் இன்னொரு மென்பொருளே. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்னும் காவல் மென்பொருள் நிறுவனத்தின் பிழையான ஒரு புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் முடங்கியதை மறந்துவிட வேண்டாம்.

விண்டோஸ் 11-இல் நாங்கள் எதிர்பாராத ஒரு சிக்கல், பாதுகாப்பு மிகுந்ததால் வந்தது. புதிய மடிக்கணினிகளில், சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி வட்டிலுள்ளவற்றைப் பூட்டும் குறியாக்கம் பெரும்பாலும் தானாகவே இயங்கிவிடுகிறது. அதன் மீட்புச் சாவி, கணினியை முதன்முதலில் அமைத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய் உட்காருகிறது. கடையிலிருந்து வந்த பையன் வேகமாக முடித்துக்கொடுப்பதற்காகத் தன் சொந்த மின்னஞ்சல் முகவரியைப் போட்டு அமைத்துவிட்டுப் போயிருந்தான். சில மாதங்கள் கழித்து, கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்த பின் அந்த மடிக்கணினி மீட்புச் சாவியைக் கேட்டு நின்றது. சாவி இருந்த கணக்கின் கடவுச்சொல் அந்தப் பையனுக்கே மறந்துபோயிருந்தது. நல்லவேளையாக அவனுடைய கைபேசி எண் மாறாததால் கணக்கை மீட்டுச் சாவியை எடுத்தோம். அன்றிலிருந்து அலுவலகத்தின் பெயரில் ஒரே கணக்கு. எல்லாக் கணினிகளின் மீட்புச் சாவிகளும் அச்சிடப்பட்டு ஆடிட்டரின் இரும்புப் பெட்டியில் இருக்கின்றன. குறியாக்கத்தை அணைத்துவிடலாமே என்று ஒருவர் கேட்டார். பேருந்தில் மடிக்கணினியைத் தொலைத்தால் அதிலுள்ள நூற்றுக்கணக்கானோரின் வரிக் கோப்புகளும் தொலையும் என்பதால் அந்த யோசனையை ஏற்கவில்லை.

மேக் பற்றிய என் அறிவு, என் மகள் 2021-இல் படிப்புக்காக வாங்கிய எம்1 மேக்புக் ஏரிலிருந்து வந்தது. இந்தியாவில் அதன் தொடக்க விலை 92,900 ரூபாய். எட்டு ஆண்டு என்று வைத்து வகுத்தால் ஆண்டுக்கு 11,600 ரூபாய். பார்த்தவுடன் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்த எட்டு ஆண்டுக்குள் இயங்குதளத்துக்கோ குறியாக்கத்துக்கோ காப்புநகல் மென்பொருளுக்கோ தனியே காசு கட்ட வேண்டியதில்லை. இடையில் விற்றாலும் நல்ல தொகை திரும்பி வரும். அதே விலையில் பாதிக்கு வாங்கிய என் விண்டோஸ் மடிக்கணினிக்கு அதற்குள் பேட்டரியும் விசைப்பலகையும் மாற்றியாகிவிட்டது. மறுபுறம், ராமும் சேமிப்பகமும் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டவை. 8 ஜிபி ராம் கொண்டு வாங்கிய கணினி கடைசிவரை 8 ஜிபிதான். 2024 அக்டோபரில் ஆப்பிள் மேக்புக் ஏரின் குறைந்தபட்ச ராமை விலை ஏற்றாமல் 16 ஜிபியாக்கியது. அதற்கு முன்பு வாங்கியவர்கள் பெருமூச்சு விடுவதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாது. மேசையில் வைத்து வேலை செய்வோருக்கு 59,900 ரூபாயில் வந்த எம்4 மேக் மினி, இருக்கும் திரையையும் விசைப்பலகையையும் வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 7,500 ரூபாயில் முடிகிறது. நல்ல விண்டோஸ் கணினியோடு ஒப்பிட்டால் இது பெரிய இடைவெளி அன்று.

மேக்கில் வைரஸ் வராது என்ற நம்பிக்கையை நான் உடைத்தே எழுதினேன். 2012-இலேயே ஃபிளாஷ்பேக் என்னும் நிரல் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மேக்குகளில் புகுந்தது. அது நுழைந்த ஓட்டை ஜாவா என்னும் மென்பொருளில் இருந்தது; ஜாவாவை உருவாக்கும் ஆரக்கிள் நிறுவனம் அதைப் பிப்ரவரியில் அடைத்தது. அந்தத் திருத்தம் ஆப்பிள் வழியாக மேக் பயனர்களைச் சேர ஏப்ரல் ஆனது. அந்த இடைவெளியில்தான் எல்லாம் நடந்தது. அதற்குப் பிறகு ஆப்பிள் பல சுவர்களை எழுப்பியது: தெரியாத மென்பொருளைத் தடுக்கும் கேட்கீப்பர், 2015-இல் கணினியின் முக்கியக் கோப்புகளைப் பயனரே தொட முடியாமல் செய்த ஏற்பாடு, 2019 முதல் ஆப்பிளின் பரிசோதனை முத்திரை பெறாத மென்பொருளைத் தடுக்கும் விதி. இந்தச் சுவர்கள் வலுவானவை. ஆகவே திருடர்கள் சுவரை விட்டுவிட்டு வீட்டுக்காரரையே அணுகுகிறார்கள். 2023-இலிருந்து பரவும் அடாமிக் ஸ்டீலர் போன்றவை, கிராக் செய்த மென்பொருளாகவோ போலி நிறுவியாகவோ வந்து, கணினியின் கடவுச்சொல்லைக் கேட்கின்றன, பயனர் தட்டச்சுகிறார், உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் அனைத்தும் போய்விடுகின்றன. கல்லூரி விடுதியில் மேக் வைத்திருக்கும் பிள்ளைகளிடம் கிராக் மென்பொருள் புழங்கும் அளவைப் பார்த்தால், இது எட்டாத ஆபத்து அன்று.

பழைய மேக் வாங்க நினைப்பவர்கள், விற்பவர் எதிரிலேயே தன் ஆப்பிள் கணக்கிலிருந்து அந்தக் கணினியை நீக்கிக் காட்டினாலொழியப் பணம் கொடுக்க வேண்டாம். டி2 என்னும் பாதுகாப்புச் சில்லோ எம்1 போன்ற ஆப்பிளின் சொந்தச் சில்லோ உள்ள மேக்குகளில் திருட்டுத் தடுப்புப் பூட்டு உண்டு. பழைய உரிமையாளரின் கணக்கு இல்லாமல் அவற்றை மீண்டும் இயக்க முடியாது. விலை மலிவாக இருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். இன்னொன்று, மைக்ரோசாஃப்ட்டைப் போல ஆப்பிள் பொதுவாக ஓய்வுநாளை முன்கூட்டி அறிவிப்பதில்லை. கடைசி மூன்று பதிப்புகளுக்குப் பாதுகாப்புத் திருத்தம் வருவது நடைமுறைதானே தவிர, எழுதிக்கொடுத்த உறுதி அன்று.

ஆனால் எங்கள் அலுவலகத்தில் மேக்குக்கு இடமில்லாமல் போனதற்கு விலையோ பாதுகாப்போ காரணமில்லை. கணக்கு எழுதும் மென்பொருளான டாலி விண்டோஸில் ஓடுவது. வருமான வரித் துறையின் எக்செல் படிவங்கள், அவற்றுக்குள் ஓடும் சிறு நிரல்களான மேக்ரோக்களை நம்பியவை. டிஜிட்டல் கையொப்பத்தை வைத்திருக்கும் யூஎஸ்பி டோக்கனுக்கு வரும் மென்பொருளும் விண்டோஸை நினைத்தே எழுதப்பட்டது. மேக்குக்குள் விண்டோஸை ஓட்டலாம். அதற்கு மெய்நிகர் கணினி மென்பொருளின் ஆண்டுச் சந்தா, அதற்குள் ஒரு விண்டோஸ் உரிமம், ஆக இரண்டு தளங்களின் புதுப்பிப்பு வேலை. கணக்கு எழுதும் மேசைக்கு இது வீண் ஆடம்பரம்.

லினக்ஸுக்கு வருவோம். விண்டோஸ் 11 ஏற்காத கணினிகளில், டாலியும் டோக்கனும் தேவைப்படாத மேசைகளைத் தனியே பிரித்தேன்: வரவேற்பு, ஆவணங்களை வருடி ஏற்றுபவர், ஜிஎஸ்டி தளத்தில் தரவு சரிபார்ப்பவர். அந்தக் கணினிகளில் பழைய ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு, கணினிக்கு இரண்டாயிரம் ரூபாய் சொச்சத்தில் எஸ்எஸ்டி என்னும் விரைவான சேமிப்பகத்தைப் போட்டு, லினக்ஸ் மின்ட் 22-ஐ நிறுவினோம். 2024-இல் வந்த இந்தப் பதிப்புக்கு 2029 வரை புதுப்பிப்பு உண்டு. செலவு ஆண்டுக்குச் சில நூறு ரூபாய்தான். உலாவி, மின்னஞ்சல், லிப்ரேஆஃபிஸ், பிடிஎஃப் ஆகியவற்றோடு முடியும் வேலைக்கு அதில் குறையொன்றும் காணவில்லை. கணினி முன்பைவிட விரைவாகத் தொடங்குவதை ஊழியர்களே சொன்னார்கள், அந்தப் பெருமையில் பாதி எஸ்எஸ்டிக்கு உரியது.

இலவசம் என்ற சொல்லுக்கு எதிரே எழுத வேண்டியது மனித நேரம். அலுவலகத்தில் இருந்த பழைய சிறு லேசர் பிரிண்டருக்கு லினக்ஸில் சரியான இயக்கி கிடைக்காமல், கடைசியில் அதை ஒரு விண்டோஸ் கணினியோடு இணைத்து அச்சிட வேண்டியதாயிற்று. எக்செல்லில் வந்த சிக்கலான தாள்கள் லிப்ரேஆஃபிஸில் கோணலாகத் திறந்தன. ஒரு ஊழியர் முதல் இரண்டு வாரமும் ஒவ்வொரு கோப்பையும் எங்கே சேமித்தோம் என்று தேடிக்கொண்டிருந்தார். இத்தகைய சில்லறைத் தடங்கல்கள்தாம் பெரிய மாற்றங்களையும் சோதிக்கின்றன. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003-இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, சுமார் 15,000 கணினிகளை மாற்றி முடித்தபின், 2017-இல் விண்டோஸுக்கே திரும்ப வாக்களித்தது. அருகிலுள்ள கேரளத்திலோ அரசுப் பள்ளிகள் லினக்ஸிலேயே நிலைத்துவிட்டன; ஆசிரியர்களுக்குப் பயிற்சியும், பாடத்திட்டத்தோடு ஒட்டிய மென்பொருளும், பழுது பார்க்க ஆளும் சேர்ந்தே கொடுக்கப்பட்டதுதான் வேறுபாடு என்று நினைக்கிறேன்.

லினக்ஸின் பாதுகாப்புக்கு அடிப்படை, மென்பொருளைக் கண்ட இடத்தில் பதிவிறக்காமல் கையொப்பமிட்ட ஒரே களஞ்சியத்திலிருந்து எடுக்கும் பழக்கம். கிராக் தேடும் தேவையே எழுவதில்லை என்பது அதைவிடப் பெரிய பாதுகாப்பு. ஆயினும் அதுவும் கோட்டை அன்று. 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட்டின் இணையதளத்துக்குள் புகுந்தவர்கள், நிறுவல் கோப்பின் இணைப்பைக் கெட்ட கோப்பு ஒன்றுக்குத் திருப்பிவிட்டார்கள். எனவே பதிவிறக்கிய கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டுப் பார்க்காமல் நான் எந்தக் கணினியிலும் நிறுவுவதில்லை. 2024 மார்ச் 29 அன்று வெளிப்பட்ட எக்ஸ்இசட் விவகாரம் இன்னும் நுட்பமானது. எல்லா லினக்ஸ்களிலும் புழங்கும் ஒரு சுருக்கு மென்பொருளின் பொறுப்பை, நெடுநாள் நம்பிக்கை வளர்த்துப் பெற்ற ஒருவர், அதில் பின்கதவு வைத்திருந்தார். ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்னும் மைக்ரோசாஃப்ட் பொறியாளர், தொலைநுழைவுக்கு வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று தோண்டப்போய் அதைக் கண்டுபிடித்தார். சோதனைப் பதிப்புகளையும், புதியவற்றை உடனுக்குடன் ஏற்கும் சில பதிப்புகளையும் தாண்டி அது பரவவில்லை. மூலநிரல் திறந்திருந்ததால்தான் கண்டுபிடிக்க முடிந்தது என்பார்கள். திறந்திருந்ததால்தான் நுழையவும் முடிந்தது என்பதும் உண்மை. புத்தம்புதிய பதிப்பைத் தேடி ஓடாமல் நீண்டகால ஆதரவுப் பதிப்பிலேயே இருப்பதற்கு இது போதுமான காரணம்.

தமிழில் தட்டச்சும் இந்தக் கணக்கில் வருகிறது. மேக்கில் தமிழ்99, அஞ்சல் ஆகிய விசைப்பலகை முறைகள் இயங்குதளத்தோடே வருகின்றன; லினக்ஸில் ஐபஸ் என்னும் உள்ளீட்டு மென்பொருள் வழியாகத் தமிழ்99, தட்டச்சுப்பொறி முறை, ஒலிபெயர்ப்பு எல்லாம் களஞ்சியத்திலேயே உள்ளன. பழைய தட்டச்சு முறையிலும், யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களிலும் கைபழகியவர்கள்தாம் விண்டோஸில் இன்னும் ஏதேதோ தளங்களிலிருந்து எழுத்துருவையும் விசைப்பலகை மென்பொருளையும் இறக்குகிறார்கள். விசைப்பலகை மென்பொருள் என்பது நாம் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் பார்க்கும் மென்பொருள். வங்கிக் கடவுச்சொல்லையும் அது பார்க்கும். இயங்குதளத்தோடு வருவதை விட்டு வேறொன்றை நிறுவுவதற்கு முன் இதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

எந்தத் தளமானாலும் செய்தே தீரவேண்டியவை மிகச் சில. அன்றாட வேலைக்கு நிர்வாகி அதிகாரம் இல்லாத கணக்கு; வாரம் ஒருமுறை காப்புநகல், எடுத்தவுடன் ஹார்டு டிஸ்கைக் கழற்றிப் பூட்டுதல்; கையொப்பமிட்டு முடிந்ததும் டோக்கனைக் கணினியிலிருந்து உருவி எடுத்தல். வாடிக்கையாளர் சேவை என்று சொல்லி அழைத்து, திரையைத் தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருளை நிறுவச் சொல்பவருக்கு நீங்கள் வைத்திருப்பது மேக்கா லினக்ஸா என்பது பொருட்டே இல்லை.

முடிவில் அலுவலகம் மூன்றாகப் பிரிந்தது. டாலியும் டோக்கனும் உள்ள மேசைகளுக்கு உரிமத்தோடு வந்த புதிய விண்டோஸ் 11 கணினிகள். மற்ற மேசைகளுக்குப் பழைய கணினியில் லினக்ஸ். பழைய டாலித் தரவை வைத்திருக்கும் ஒரே கணினிக்கு 61 டாலர் கட்டி ஓராண்டு நீட்டிப்பு. எல்லாவற்றையும் புதிதாக மாற்றினால் ஆகியிருக்கும் தொகையில் ஏறத்தாழப் பாதி செலவானது. ஒவ்வொரு கணினிக்கும் ஒரு வரி வீதம், வாங்கிய தேதி, உரிமத்தின் வகை, புதுப்பிப்பு நிற்கும் தேதி, மீட்புச் சாவி இருக்கும் இடம் ஆகியவற்றை எழுதிய தாள் ஒன்று இப்போது ஆடிட்டரின் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அடுத்த கணினியை எப்போது வாங்குவது என்பதை அவரே அதைப் பார்த்துச் சொல்லிவிடுகிறார்.

மீந்த பழைய கணினிகளை விற்கும்போதுதான் கடைசிச் செலவு வந்தது. கோப்புகளை அழித்தாலோ விரைவு ஃபார்மட் செய்தாலோ ஹார்டு டிஸ்கிலுள்ளவை உண்மையில் அழிவதில்லை. மீட்டெடுக்கும் கருவிகள் எல்லோர் கையிலும் உள்ளன. முழு வட்டையும் ஒருமுறை மேலெழுதி அழிக்க ஒவ்வொன்றுக்கும் சில மணி நேரம் ஆகும். தொடக்கத்திலிருந்தே குறியாக்கம் செய்த வட்டாக இருந்தால் சாவியை அழித்தாலே போதும். எங்கள் பழைய வட்டுகள் எவையும் குறியாக்கம் பெறாதவை. சில வட்டுகள் பழுதாகி மேலெழுதவும் முடியாமல் நின்றன. ஹார்டு டிஸ்க் இல்லாமல் கொடுத்தால் கணினிக்கு ஐந்நூறு ரூபாய் குறைத்துக்கொள்வேன் என்றார் பழைய பொருள் வாங்குபவர். குறைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வட்டுகளைக் கழற்றித் துளையிடும் கருவி கொண்டு ஓட்டை போட்டோம். அந்த ஐந்நூறு ரூபாய்களையும் தாளில் பாதுகாப்புச் செலவு என்ற தலைப்பின் கீழேயே எழுதினேன்.